மேசன் என்று ஒரு பேரன்

1

என் மகள் தன் பிள்ளைக்கு மேசன் என்று பெயர் வைத்திருக்கிறாள். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பதுளையில் என்னோடு படித்தவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். எங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன், “அடுத்தது பொண்ணு பொறந்தா பிளம்பர்னு வைக்கச் சொல்லு மச்சான்” என்று எழுதினான். இன்னொருவன் தன் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறது, பேரனை அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டான்.

தமிழ்நாட்டில் கொத்தனார் என்பார்கள். இலங்கையில் எங்களுக்கு அவர் மேசன். செங்கல் அடுக்குபவர், சுவர் பூசுபவர், கான் என்கிற வடிகால் கட்டுபவர் எல்லோரும் மேசன்தான். அது இங்கிலீஷ் சொல் என்பதே எங்கள் தோட்டத்தில் யாருக்கும் நினைவில் இல்லை.

நான் நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். மெல்பேர்னுக்கு வந்து இருபத்திநான்கு வருடம் ஆகிறது. இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் வேலை. மகள் நிரோஷா நாலு வயதில் எங்களோடு விமானம் ஏறியவள். அவளுடைய கணவன் டானியல் இந்த ஊர்ப் பையன், நல்லவன். அவனுடைய குடும்பப் பெயர் பேக்கர். அவன் தலைமுறையில் ஒருவரும் பாண் சுட்டதில்லை. அவன் காப்புறுதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறான்.

நிரோஷாவுக்கு ஏழாம் மாதமாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள், ஆண் பிள்ளை என்றும் பெயர் முடிவாகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

“மேசன்” என்றாள் நிரோஷா. அவள் வாயில் அது மெய்சன் என்று வழுக்கிக்கொண்டு வந்தது.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எந்த மேசன்? வீட்டுல என்னா வேல?” என்று கேட்டேன். குளியலறைத் தளம் ஒழுகுகிறது என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அதற்கு ஆள் பிடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

விளங்கியபோது கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். “ஒலகத்துல வேற பேரே கெடைக்கலியா?” என்று கத்தினேன். டானியல் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான். நிரோஷாவின் கண் கலங்கியது.

“இட்ஸ் எ நைஸ் நேம், அப்பா. சத்தம் நல்லா இருக்கு. நீங்க ஏன் இவ்ளோ கோபப்படுறீங்க?”

 என் மனைவி ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். “ஒங்க பேரு பெனடிக்ட். என் பேரு ஸ்டெல்லா. நாம என்னா சுத்தத் தமிழ்ப் பேரா வச்சிருக்கோம்? உக்காந்து சாப்பிடுங்க.”

2

ஒரு பெயரை எதிர்க்க வேண்டுமானால் அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பேட்டை நூலகத்துக்குப் போய், பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை காலைகளைக் கழித்தேன். குழந்தைப் பெயர் தேடுகிறேன் என்று நினைத்து அங்கே வேலை செய்கிற பெண்மணி என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்ததாம். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோட்டையும் பெரிய கோயில்களும் கட்டக் கல் வேலைக்காரர்கள் தேவைப்பட்டார்கள், சொல்லும் அங்கே வேர் பிடித்தது. அதற்கும் முந்திய ஜெர்மானிய வேர் ஒன்றுக்குச் ‘செய்பவன்’ என்று பொருள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் பத்து ஜோன் இருந்தால் கணக்கு எழுதுகிறவனுக்குத் தலை சுற்றும். கல் கட்டுகிற ஜோன், ஓடு போடுகிற ஜோன், பீப்பாய் செய்கிற ஜோன் என்று பிரித்து எழுதினான். அப்படித்தான் மேசன், டைலர், கூப்பர் எல்லாம் குடும்பப் பெயராயின. கல் கட்டியவனுடைய பேரன் கடை வைத்தான், அவனுடைய பேரன் வக்கீலானான், பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு அது குடும்பப் பெயர் என்ற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து குழந்தையின் சொந்தப் பெயராகிவிட்டது.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் போய் நின்றால் தெரியும். “கூப்பர், கீழே இறங்கு!” என்று ஒரு தாய் கத்துவாள். அவள் பீப்பாய் செய்பவனைக் கூப்பிடுகிறாள். கார்ட்டர் என்றால் வண்டிக்காரன், ஃப்ளெச்சர் என்றால் அம்பு செய்பவன். ஹன்டர் என்றொரு பிள்ளை புறாவைக் கண்டு அழுதுகொண்டு ஓடியது. அந்தத் தாய் தகப்பன்களில் ஒருவருக்காவது ஓர் ஆணி அடிக்கத் தெரியுமா என்றால் சந்தேகம். குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கிறவர்கள்.

அவர்களுக்கு அது முடியும். தொழிலை மறந்துவிட்டுப் பெயரின் ஓசையை மட்டும் வைத்துக்கொள்ள அவர்களால் முடிந்திருக்கிறது. நம்மால் முடியுமா? நம்மிடத்தில் ஒருவனைத் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால் அது அவனை நிறுத்தி வைக்கிற இடம். அவன் பிள்ளைக்கும் அதே இடம்தான். அதை அழகான பெயர் என்று யாரும் தொட்டிலில் போட்டு ஆட்டியதில்லை. இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய் நிரோஷாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சோ, மீனிங் நல்லதுதானே? செய்பவன்” என்றாள்.

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

3

உண்மையான காரணம் அந்தத் தாளில் இல்லை. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும், ஆனால் அவள் அதைப் பேசுவதில்லை.

என் அப்பா மேசன்.

சவரிமுத்து என்று அவருக்கு ஞானஸ்நானப் பெயர் இருந்தது. யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் லயத்தில், எங்களைப் போன்றவர்கள் குடியிருந்த அந்த நீளமான வரிசை வீடுகளில், அவர் மேசன், அம்மா மேசன் பொஞ்சாதி, என் அக்கா மேரி மேசன் மக. நான் மேசன் மகன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதுளை டவுனில் படித்தேன். காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் திரும்புவேன். டவுன் பையன்களின் அப்பாக்கள் தபால் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் யாழ்ப்பாணத்தவர். முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி, “தகப்பன் என்ன உத்தியோகம்?” என்று கேட்டார். நான் “தோட்டத்து ஆபீஸ்ல, சேர்” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடம் மழையில் பள்ளிக்கூடத் தாழ்வாரச் சுவர் இடிந்தது. ஒரு கொந்தராத்துக்காரர் ஆட்களோடு வந்தார். அந்த ஆட்களில் ஒருவராக, இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சாந்துக் கரண்டியோடு என் அப்பா நின்றார். தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வீட்டில் என்னிடம் சொல்லவில்லை.

திங்களிலிருந்து வெள்ளி வரை ஒரு கிழமை அந்த வேலை நடந்தது. என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியேதான் ஏறி நிற்க மூங்கில் சாரம் கட்டியிருந்தார்கள். அந்த ஐந்து நாளும் அவர் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கூட்டாளிகளோடு நான் தாழ்வாரத்தில் நின்றபோது சாந்துச் சட்டியோடு வந்தார்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சட்டையில பட்டுரும்” என்றார்.

பெற்ற பிள்ளையை நில்லுங்க என்றார். நான் தள்ளி நின்றேன்.

மாலையில் ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கடைசியில் அது எப்படியோ வெளியே வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு பையன் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரை நான் அங்கேயும் மேசன் மகன்தான்.

இங்கே வந்த பிறகு, நிரோஷா சின்ன வகுப்பில் படிக்கும்போது குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். ஒவ்வொரு கிளையிலும் பெயர், பிறந்த ஊர், தொழில். தாத்தாவின் கட்டத்தில் “கிளார்க்” என்று என் கையாலேயே எழுதினேன். அப்பா இறந்து அப்போது ஆறு வருடம்.

4

பிள்ளை பிறந்தான். சுகப் பிரசவம். தலை நிறைய முடி. ஆஸ்பத்திரியில் தாதிமாரெல்லாம் மெய்சன், மெய்சன் என்று கொஞ்சினார்கள். நான் ராசா என்று கூப்பிட்டுச் சமாளித்தேன்.

அக்காவுக்குச் செய்தி சொல்ல வேண்டும். மேரி அக்கா இப்போதும் அதே தோட்டத்தில் இருக்கிறாள். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவள். அவள் மகன் எல்ல என்கிற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். சிக்னல் கிடைக்க அவள் வீட்டுக்கு மேலே ரோட்டுக்கு ஏறி வர வேண்டும்.

“ஆம்பளப் புள்ளையா? மாதாவே! பேரு என்னாடா?”

“பேரு… பொறகு சொல்றேன்கா” என்று இழுத்தேன். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா தொலைபேசிக்குள் தலையை நீட்டி, “மேசன், மதினி” என்று சொல்லிவிட்டாள்.

 சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். பிறகு அழுகிற சத்தம் கேட்டது.

“அப்பா பேர வச்சிட்டியாடா” என்றாள் அக்கா. “நீ எல்லாத்தயும் மறந்துட்டேன்னு நெனச்சேன்டா பெனி. இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சேன்.”

இல்லை அக்கா, அது ஓசைக்காக வைத்த பெயர், வைக்க வேண்டாமென்று சண்டை போட்டவனே நான்தான் என்று எப்படிச் சொல்வது? 

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் பூசை கேட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கேக்கும் தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் எங்கள் மேசன் மறுபடி பிறந்துவிட்டார் என்று மூன்று லயத்துக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெயர்கூட நினைவில்லாதவர்களெல்லாம் வாழ்த்துச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்கள். கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கும்போது காதில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். “தம்பி, பெரிய காரியம் செஞ்சிட்டீங்க.” “மேசனுக்கு இப்பத்தான் மனசு ஆறியிருக்கும்.” எரிச்சலில் ஒரு பெட்டியைத் தப்பான லொறியில் ஏற்றி மேற்பார்வையாளரிடம் ஏச்சும் வாங்கினேன்.

5

பிள்ளைக்கு மூன்று கிழமை ஆனபோது, அக்கா நிரோஷாவோடு பேச வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். என்னால் தள்ளிப்போட முடியவில்லை. மகள் வீட்டு சோபாவில், அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்க, வீடியோவில் அக்கா வந்தாள். பின்னால் தேயிலைச் சரிவும், யாரோ ஒருவருடைய மாடும்.

“என் தங்கமே, ஒங்க தாத்தா பேர வச்சியே, நீ நல்லா இருப்ப” என்றாள் அக்கா.

நிரோஷா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேசத்தான் தேடித் தேடிப் பேசுவாள். “அத்தை, தாத்தா பேரு சவரிமுத்துதானே?”

“அது கோயில் பேரும்மா. ஆளுக மேசன்னுதான் கூப்புடுவாங்க. மேசன் வேல செஞ்சாருல்ல.”

“தாத்தா கிளார்க் இல்லியா?”

அக்காவின் முகம் மாறியதை நான் அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். ஏதாவது சொல்லி மறித்துவிடலாமென்று வாயைத் திறந்தேன். நிரோஷா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்குப் பொய் வராது. இந்த நாட்டில் வளர்ந்ததால் வந்த குணமா, ஸ்டெல்லாவிடமிருந்து வந்ததா, தெரியவில்லை.

“அத்தை, ஐ ஆம் சோ சொரி. நான் தாத்தாவுக்காக வைக்கல. எனக்குத் தெரியாது. சத்தம் நல்லா இருந்துச்சு, அதனால வச்சேன்.”

“ஏன்மா தெரியாது?” என்றாள் அக்கா. பிறகு, “ஒங்கப்பா சொல்லலியா?” என்றாள்.

 பிள்ளை தூக்கத்தில் முனகினான்.

அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. என் மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

“கேட்டுக்கம்மா. ஒங்க தாத்தா மொதல்ல புல்லு வெட்டுற ஆளு. ஃபெக்டரி கட்ட வெளியூரு பாஸ் ஒருத்தர், பெரிய மேசன், வந்தாரு. அவருக்குச் சாந்து கொழைச்சுக் குடுத்தே வேலய படிச்சுக்கிட்டாரு. பாஸ் போன பொறகு தோட்டத்துல அத்தன மேசன் வேலயும் அப்பாதான். லயத்துக்குச் செவரு, கானு, தொர பங்களாவுல புகை போக்கி, எல்லாம். ஆனா செக்ரோல்ல கூலியாளுன்னுதான் எழுதுவாங்க.”

செக்ரோல் என்பது ஆட்களின் பெயரையும் வேலையையும் எழுதுகிற தோட்டத்துப் புத்தகம். அதை நான் நிரோஷாவுக்குச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“ஒருநா காலையில பெரட்டுல, அதாம்மா வேலைக்கு ஆளப் பிரிச்சு விடுவாங்கள்ல, அங்க எல்லாரும் நிக்கையில அப்பா போயி தொரகிட்ட கேட்டாரு. ‘ஐயா, என்னைய மேசன்னு எழுதுங்க’ன்னு. தொர சிரிச்சாரு. ஆளுகள வேல வாங்குற கணக்கப்பிள்ள இன்னும் சத்தமாச் சிரிச்சாரு. புல்லு வெட்டுறவன் மேசனான்னு.  மக்கியா நாளு விடிஞ்சதும் பங்களாவுல புகை போக்கி ஒழுகுதுன்னு ஆள் வந்துச்சு. அப்பா, ‘மேசனக் கூப்புடுங்க, நான் கூலியாளு’ன்னுட்டாரு.”

நிரோஷா சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள்.

“வேலய நிறுத்திப்புட்டாங்கம்மா. ரெண்டு வாரம். நாங்க பட்டினி கெடக்கல, லயத்துச் சனம் சோறு குடுத்துச்சு. அப்பதான் எல்லாரும் பேசி வச்சுக்கிட்டாங்க. இனிமே அவரப் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது, மேசன்னுதான் கூப்புடணும், அதுவும் கணக்கப்பிள்ள காதுல விழுற மாதிரி. ‘மேசன் எங்க?’ ‘மேசனுக்கு வேல இல்லியா?’ பெரட்டுல இதே சத்தம்தான். கடைசியில கணக்கப்பிள்ளயே ஒரு நாளு தன்னால, ‘ஏ மேசன், இங்க வாய்யா’ன்னு கூப்புட்டுட்டாரு. அன்னைக்கு லயமே சிரிச்சுச்சு. புக்குல கடைசி வரைக்கும் எழுதல. ஆனா அவுக வாயில வந்திருச்சு. அப்பாவுக்கு அது போதும்.”

நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “எங்கிட்ட ஏன்கா இத சொல்லவே இல்ல?”

“நீ கைப்புள்ள அப்ப. பெருசான பொறகு அந்தப் பேர எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவ. அப்பாதான் சொல்லாதன்னாரு. பள்ளிக்கூடத்துல புள்ளைக்குச் சங்கடமா இருக்கும்னாரு.” இப்போது என்னை நேராகப் பார்த்தாள். “கிளார்க்கா? நல்லா இருக்குடா.”

தொடர்பு அறுந்தது. சிக்னலால் அறுந்தது என்று பின்னால் நின்ற டானியல் நினைத்தான்.

6

ஐந்து வாரம் அக்கா என் அழைப்பை எடுக்கவில்லை. ஸ்டெல்லாவோடு பேசினாள், நிரோஷாவோடு பேசினாள், தமிழ் விளங்காத டானியலோடுகூடப் பேசிச் சிரித்தாள். நான் அனுப்பிய செய்திகளில் நீலக் குறி மட்டும் விழும்.

இதற்கிடையில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு விசாவுக்கும் இதை மொழிபெயர்த்து, அத்தாட்சிப்படுத்தி, பிரதி எடுத்து, எத்தனை கவுண்டரில் நீட்டியிருப்பேன். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் தோட்டத் தொழிலாளி என்று இருக்கிறது. ஒரு காலத்தில் அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது, மேசன் என்று எழுதவில்லையே என்று.  கூப்பர் என்றும் கார்ட்டர் என்றும் இங்கே சும்மா எடுத்துச் சூட்டிக்கொள்கிறார்களே என்று இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் காரணம் மாறிவிட்டது. ஒருவர் அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வாரம் வேலையில்லாமல் நின்றிருக்கிறார்.

ஒரு நாள் மாலை நிரோஷாவிடம் போய்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைப் பற்றிச் சொன்னேன். தள்ளி நில்லுங்க என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.  அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. நமுனுகுலயில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். அந்தக் குளிரிலும் அக்கா மேல் ரோட்டுக்கு ஏறி வந்து நிற்பதாக ஸ்டெல்லா சொன்னாள். தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கோயிலை அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றாள். என் முகம் அதில் படாமல் நான் ஒதுங்கி நின்றேன்.

பாதிரியார் வியட்நாமிலிருந்து வந்த இளைஞர். நிரோஷாவையும் டானியலையும் பார்த்து, “உங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?” என்று கேட்டார். பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

நிரோஷா என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டானியலின் அம்மாவும் அப்பாவும் புன்னகையோடு காத்திருந்தார்கள். வாய் திறந்தேன். பாதிச் சொல்தான் வெளியே வந்தது. பாதிரியார் மன்னிக்கவும் என்று காதைச் சாய்த்தார். எனக்கு உதவ டானியல் வாயெடுத்தான்.

அதற்குள் ஸ்டெல்லாவின் கையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“கேக்கலடா பெனி. சத்தமாச் சொல்லு.”

“மேசன்” என்றேன், எங்கள் லயத்தில் சொல்லுகிற மாதிரியே. கோயில் முழுக்கக் கேட்டது.